சாவிக்கொத்தின் பச்சை நோட்டு

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மருத்துவக் கல்லூரியின் உடல்நலப் பிரிவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் சாவிக்கொத்து. இடுப்பு வளையத்தில் பதினோரு சாவிகள். ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். "சாவிக்கொத்து வருது" என்று மாணவர்கள் அஃறிணையிலேயே சொல்லிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். சொன்னது யார் என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

பதினோரு சாவியில் ஒன்று, குடிக்கும் தண்ணீர் வைத்திருந்த அலமாரியுடையது. தண்ணீரை யார் திருடப்போகிறார்கள் என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "திருடப்போறவன் சொல்லிட்டா வருவான்?" என்றார். தன் நிழலே கொஞ்சம் பின்தங்கினால் திரும்பிப் பார்க்கிற மனிதர். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது வருடமாக ஸ்டோர் கீப்பராகப் பொருட்களையும், அவற்றைக் கேட்டு வருகிற மனிதர்களையும் எண்ணி எண்ணி, மனிதர்களிலும் எப்போதும் ஒன்று குறைவதாகவே அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கல்லூரியில் ஒரு விதி. டாக்டருக்குப் படிப்பவரோ, நர்சிங் படிப்பவரோ, வார்டு துடைக்கும் பணியாளரோ, யாராக இருந்தாலும் தடுப்பூசி அட்டையைக் காட்டாமல் நோயாளியின் கட்டில் பக்கம் போகக்கூடாது. அம்மைக்கு, ரணஜன்னிக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சள் காமாலைக்கு. ரத்தத்தில் தொற்றும் காமாலை அது. நோயாளிக்குக் குத்திய ஊசி கைதவறி விரலில் பட்டால் போதும். அதற்கு மூன்று ஊசி. முதல் ஊசிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஆறு மாதம். வெளியே போட்டுக்கொண்டு வந்தவர்கள் அட்டையைக் காட்டலாம். போடாதவர்களுக்கு இங்கேயே போடப்படும்.

அட்டை சரிபார்ப்பதும் சாவிக்கொத்தின் வேலைதான். அட்டையை வாங்கியதும் முதலில் முகர்வார். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே முகர்வார். பழைய அட்டைக்கு அலமாரி வாசனை வரவேண்டும், நேற்று அச்சடித்ததற்கு மை வாசனை வரும் என்பது அவர் கணக்கு. அப்புறம் வெளிச்சத்தில் பிடிப்பார். மூன்று தேதியும் ஒரே பேனாவில் இருந்தால் தீர்ந்தது கதை. "ஆறு மாசம் மை தீராத பேனாவா? எந்தக் கடையில விக்குது? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்பார். அந்த வருடம் அப்படி ஆறு பேரின் அட்டையில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

ஊசி போடுகிறவள் ஊசியக்கா. மாணவர்கள் வைத்த பெயர். பதினாறு வருடமாக அந்த அறையில் இருக்கும் நர்ஸ். கனத்த உடம்பு, மெல்லிய கை. பேசிக்கொண்டே குத்துவாள், "எப்பக்கா போடுவீங்க?" என்று கேட்பவனுக்குப் பஞ்சைக் கொடுத்து, "போட்டாச்சு, எழுந்திரு" என்பாள். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. போட்ட ஊசியைப் பதிவேட்டில் எழுதுவாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்தான்.

சாவிக்கொத்துக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது போன வருடம். ஃபிரிட்ஜில் இருந்த காமாலை மருந்துக் குப்பிகளில் மூன்று குறைந்தன. இருபத்தேழு இருக்க வேண்டும், இருந்தது இருபத்துநாலு. உடைந்த கண்ணாடி இல்லை, ரசீது இல்லை, சொல்வாரும் இல்லை. ஃபிரிட்ஜ் இருப்பது ஊசியக்காவின் அறையில்.

"சிஸ்டர், மூணு குப்பி குறையுது."

"அப்படியா? நான் எடுத்ததெல்லாம் பதிவேட்டுல இருக்கே சார். தேடிப் பாருங்க, எங்கயாவது உருண்டிருக்கும்."

உருண்டிருக்குமாம்! கையும் களவுமாகப் பிடிபடாத எல்லாரும் சொல்வது இதைத்தானே என்று அவர் மனம் சொன்னது. மறுநாளே ஓர் இரும்புப் பெட்டி செய்யச் சொன்னார். மருந்தையெல்லாம் அதில் வைத்துப் பூட்டினார். முன்னால் இருந்தால் கைக்கு எட்டும் என்று, ஃபிரிட்ஜின் உள்ளே மேல்தட்டில், பின்சுவரோடு ஒட்டி, ஐஸ் அறைக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். அதுவும் போதாதென்று ஒரு சங்கிலியைத் தட்டின் கம்பியில் கோர்த்துப் பெட்டியைக் கட்டினார். அந்தப் பூட்டின் சாவிதான் பதினோராவது. தெர்மாமீட்டர் எப்போதும்போல நடுத்தட்டில் தொங்கியது. காலையும் மாலையும் அவரே வந்து பார்த்து எழுதுவார்: நாலு, நாலரை, நாலு. வேலைக்கு வந்த ஒருநாளும் தப்பியதில்லை.

அன்றைக்கே ஒரு பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டும் வாங்கினார். சட்டைப் பையில் அடங்குகிற அளவு. ஊசியக்காவைப் பற்றி எழுதுவதற்கென்றே அது. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "பத்தாம் தேதி. பெட்டியை நடுத்தட்டில் வைக்கலாம் என்கிறாள். ஏன்? கைக்கு வாட்டமாக இருக்கவா? கவனிக்க."

அவள் சொன்னது என்னவோ இவ்வளவுதான்: "சார், பெட்டி ஐஸை ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்த மருந்து உறையக்கூடாது. நடுத்தட்டுல வச்சுப் பூட்டிக்குங்களேன்."

"தெர்மாமீட்டர் நாலு காட்டுது. உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"மருந்து மேல அக்கறை இல்லாம வேற என்ன சார்?"

அவர் ஒரு மாதிரி சிரித்தார். பூனை பாலுக்காகக் கவலைப்படுகிறதாம். பெட்டி ஐஸில் ஒட்டிக்கொள்வது அவருக்கும் தெரியும். திறக்கும்போதெல்லாம் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சூடு காட்டித்தான் பிரிப்பார். எடுத்த குப்பியையும் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து குளிர் விட்ட பிறகே கொடுப்பார். குளிர்ச்சி அதிகமானால் மருந்துக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டார். உறைந்தது உருகினால் பழையபடி ஆகிவிடும் என்பது தண்ணீரைப் பார்த்து அவர் படித்த பாடம்.

அவர் மகள் அந்த வருடம்தான் நர்சிங்கில் சேர்ந்தாள். அவளுக்கு ஊசி போடும் மூன்று நாளும் அவரே கூட நின்றார். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, மூடியின் சீலைத் தானே உடைத்துக் கொடுத்தார். ஊசியக்கா வாங்கி வழக்கம்போலப் போட்டாள். மகளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

"அப்பா, எங்க கிளாஸ் பூரா பார்த்துட்டு நிக்குது."

"பார்க்கட்டும். நீயும் கண்ணைத் திறந்து வைக்கக் கத்துக்கோ."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்கப்பா. இந்த ஊசியை முதல்ல உனக்குத்தான் போடணும்."

அவளுக்குத் தெரியாது, விதிப்படி அவரும் அதே பெட்டியிலிருந்து மூன்று ஊசி போட்டுக்கொண்டவர்தான்.

இப்படியே வருடம் ஓடியிருக்கும். ஆனால் கல்லூரி முதல்வர் புதிதாக ஓர் உத்தரவு போட்டார். அட்டை மட்டும் போதாது. வார்டுக்குள் போவதற்கு முன் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, ஊசி பிடித்திருக்கிறதா, அதாவது உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் அளவு பத்துக்கு மேல் இருந்தால் பிடித்திருக்கிறது. கீழே என்றால் பிடிக்கவில்லை. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு என்ன போட்டாலும் பிடிக்காது, அது உடம்பு வாகு என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

முடிவுகள் வந்த அன்று சாவிக்கொத்து பட்டியலை இரண்டு தடவை படித்தார். அறுபத்தைந்து பேரில் வெளியே போட்டுக்கொண்டு வந்தவர்கள் இருபத்துநாலு பேர். அதில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவர் சிவப்புப் புள்ளி வைத்த ஆறு பேருக்கும் சேர்த்து. ஒரே பேனாவில் எழுதிய ஒரு அட்டைக்காரனுக்குத்தான் பட்டியலிலேயே பெரிய எண். இங்கே போட்டுக்கொண்டவர்கள் நாற்பத்தொன்று. அதில் முப்பத்துநாலு பேருக்குப் பிடிக்கவில்லை. பதினேழாவது வரியில் அவர் மகள். அவள் பெயருக்கு நேரே "இரண்டு" என்று போட்டிருந்தது.

அவர் மனம் நேரே ஊசியக்காவிடம் போய் நின்றது. போடாமலே போட்டதாக எழுதினாள் என்று சொல்ல வழியில்லை, மகளுக்குக் கண்ணெதிரே போட்டாள். அப்படியென்றால் குப்பியில்தான் கோளாறு. மெல்லிய ஊசியை ரப்பர் மூடியில் குத்தி மருந்தை உறிஞ்சிவிட்டுத் தண்ணீரை ஏற்றியிருக்கிறாள். சீல் அப்படியே இருக்க, பூட்டிய பெட்டிக்குள் எப்படிப் போனாள் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்: கள்ளச்சாவி. சந்தேகப்படுகிறவன் வீட்டில் பதிலுக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

"என் பொண்ணுக்கே தண்ணி ஊசி போட்டிருக்கா" என்று வீட்டில் குதித்தார்.

"அக்காவா? சத்தியமா இருக்காதுப்பா" என்றாள் மகள். "ஊசி போட்டப்புறம் எல்லாரையும் கால் மணி நேரம் உட்கார வச்சு மயக்கம் வருதான்னு பார்ப்பாங்க. தண்ணி போடறவங்களுக்கு எதுக்கு அந்த வேலை?"

"அதுதான் நடிப்பு."

அன்றே முதல்வருக்குப் புகார் எழுதினார். வேலியே பயிரை மேய்கிறது என்று ஆரம்பித்து மூன்று பக்கம். வேலையிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, இனி எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொடக்கூடாது என்று முடித்திருந்தார். ஆனால் அவருக்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் "எழுத்துல இருக்கா? சான்று எங்கே?" என்பார். அலுவலகம் முழுக்க அந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டவர், சான்றில்லாமல் தானே எப்படிப் போவது?

மறுநாள் காலை புது மருந்து வந்து இறங்கியது. அதில் ஒரு குப்பியையும் பெட்டியிலிருந்து ஒரு குப்பியையும் எடுத்தார். குளிர் விட்டதும் இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டும் நீர்த்த பால்போல வெளுப்பாகத்தான் இருந்தன. கால் மணி நேரம் போயிற்று. புதுக் குப்பி அப்படியே இருந்தது. பெட்டிக் குப்பியில் மேலே தெளிந்த தண்ணீர். அடியில் திரிதிரியாக வெள்ளைக் கசடு.

தண்ணீர்! அவருக்கு எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. புகாரைச் சட்டைப் பையில் செருகி, குப்பிகளை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு மருத்துவ அலுவலரின் அறைக்கு ஓடினார். அன்று சாவிகள் போட்ட சத்தத்தில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

மருத்துவ அலுவலர் சின்ன வயது டாக்டரம்மா. அதிகம் பேசாதவர். குப்பியைக் குலுக்கி, வைத்து, காத்திருந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது எங்க இருந்தது?"

"யாரும் தொட முடியாத இடத்துல மேடம். இரும்புப் பெட்டி, பூட்டு, சங்கிலி. சாவி என் இடுப்புல."

"பெட்டி எங்க இருக்கு?"

அழைத்துப்போய்க் காட்டினார். ஊசியக்கா எழுந்து ஒதுங்கி நின்றாள். டாக்டரம்மா பெட்டியைத் தொட்டார், வரவில்லை. சாவிக்கொத்து வழக்கம்போல உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, நடுத்தட்டுத் தெர்மாமீட்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அரைமணி கழித்து எடுத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று.

"யாரும் திருடலை. இது தண்ணி இல்லை, மருந்துதான்" என்றார் டாக்டரம்மா. "உறைஞ்சு செத்துப்போன மருந்து. இது ஒரு தடவை உறைஞ்சா போச்சு. உருகினாலும் பழையபடி ஆகாது. முப்பத்துநாலு பேருக்கும் செத்த மருந்தைத்தான் போட்டிருக்கோம்."

சாவிக்கொத்தின் வாய் அப்போதும் அடங்கவில்லை. "அந்த மூணு குப்பி? அது எங்க போச்சு?" என்றார்.

டாக்டரம்மா ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஐஸ் அறையின் அடியில் ஒரு வருடமாகப் படிந்திருந்த பாளம் உருகி விழுந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, பாளத்துக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று குப்பிகள் தட்டில் உருண்டன. ஊசியக்கா அவற்றை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மாலை நாலு மணிக்கு முதல்வர் விசாரணைக்கு உட்கார்ந்தார். மேசைக்கு ஒரு பக்கம் டாக்டரம்மா. எதிரே ஊசியக்காவும் சாவிக்கொத்தும். முதல்வருக்கு ஃபிரிட்ஜில் பெட்டியை வைத்தது யார் என்பது பெரிதாகப் படவில்லை. ஸ்டோர் கீப்பர் மருத்துவம் படித்தவரில்லை, மருந்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நர்ஸ். உறைந்த மருந்தை ஒரு வருடம் கையில் எடுத்துப் போட்டவள் அவள்.

"பதினாறு வருஷ அனுபவம்ங்கறீங்க. மருந்து உறையுதுன்னு தெரியலையா?"

"குப்பி என் கைக்கு வரும்போது உருகித்தான் சார் இருக்கும். உள்ள உறைஞ்சதை நான் பார்த்ததில்லை. ஆனா பெட்டி ஐஸை ஒட்டியிருக்குன்னு பயம் இருந்துச்சு. மாத்தச் சொன்னேன் சார், பல தடவை."

"எழுத்துல இருக்கா?"

"இல்லை சார். வாயாலதான் சொன்னேன்" என்றாள்.

"வாயால சொன்னதுக்கு என்ன சான்று? முப்பத்துநாலு பேர். நாளைக்கு வார்டுல ஒருத்தன் கையில நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திட்டா யார் பதில் சொல்றது? உங்களைப் பணிநீக்கம் செய்யறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை."

எழுத்தில் இருக்கா. சான்று எங்கே. முப்பது வருடமாக அந்தக் கேள்வியை அலுவலகம் முழுக்க விதைத்தவர், அது முளைத்து ஒரு பெண்ணின் கழுத்தைச் சுற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவள் சொன்னதற்குச் சான்று இருந்தது. அவர் இதயத்துக்கு மேலே, சட்டைப் பையில், பச்சை அட்டைக்குள் தேதி வாரியாக இருந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தீக்குச்சி போதும். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம்.

ஊசியக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. மற்றவர்களை நம்பாமலே காலம் தள்ளிய மனிதருக்கு, தன்னையும் ஒருவர் துளிகூட நம்பவில்லை என்பதை அன்றுதான் அருகில் பார்க்கக் கிடைத்தது.

எழுந்தார். சாவிகள் சத்தம் போட்டன.

"எழுத்துல இருக்கு சார்" என்று நோட்டை மேசையில் வைத்தார்.

முதல்வர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டே படித்தார். "'பத்தாம் தேதி. பெட்டியை நடுத்தட்டில் வைக்கலாம் என்கிறாள். ஏன்?' ... 'இரண்டாம் தேதி. மறுபடியும் அதே பேச்சு. மருந்து உறையுமாம். இவள் பெரிய டாக்டர்.' ... 'பதினெட்டாம் தேதி. பெட்டியை மாற்றக் கெஞ்சுகிறாள். நல்லவள் மாதிரி நடிப்பு. கைப்பையைச் சோதிக்க வழி உண்டா?'" அதற்குமேல் குரல் இறங்கியது. மீதியை மனதுக்குள் படித்துவிட்டு நோட்டை மூடினார். "ஏழு தடவை சொன்னதா இருக்கு."

"ஒன்பது சார்" என்றாள் ஊசியக்கா. "ரெண்டு நாள் இவர் லீவு. சாவி இல்லாம பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பினேன். அந்த ரெண்டு நாளும் பூட்டுக்கிட்டயே சொன்னேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஊசியக்கா சிரிக்கவில்லை. அவள் கண் அந்த நோட்டிலேயே இருந்தது. கைப்பை என்ற வார்த்தை வந்தபோது மடியிலிருந்த பையை அவள் இறுக்கிப் பிடித்ததைச் சாவிக்கொத்து பார்த்தார். அதை அவரால் மறக்க முடியவில்லை.

அவள் வேலை தப்பியது. அவருக்கு ஊதிய உயர்வு நின்றது, பதினோராவது சாவி போனது, பச்சை நோட்டு கோப்பில் சேர்ந்தது. மூன்று பக்கப் புகாரைப் பையிலேயே வைத்திருந்து சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். பிடிக்காத முப்பத்துநாலு பேருக்கும் முதலிலிருந்து மூன்று ஊசி. அதுவரை வார்டு கிடையாது. மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆறு மாசம் லேட்டுப்பா. ஆனா நோட்டைக் குடுத்தியே, அது போதும்" என்றாள்.

அவருடைய ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. புதுத் தவணையின் முதல் நாள் அவரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியக்கா குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வேணாம் சிஸ்டர். போடுங்க. நான் பார்க்க வேண்டியதில்லை."

"பார்க்கணும் சார். பார்க்காம போட்டுக்கறதும் தப்புதான். குலுக்கிப் பாருங்க."

குலுக்கினார். கால் மணி நேரம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசிக்கொண்டே குத்துகிறவளை அவர்தான் ஊமையாக்கி வைத்திருந்தார். மருந்து வெளுப்பாக, கலங்கலாக, அப்படியே நின்றது.

"நல்லா இருக்கு" என்றார். "சிஸ்டர், நான் உங்களை அப்படி நினைச்சிருக்கக்கூடாது."

"கையைத் தளர்த்துங்க" என்றாள். குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, அவள் தன் கவுன் பையில் கைவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். புதுசு, நீல அட்டை. தேதி போட்டு, மணி போட்டு, நிதானமாக எழுதினாள்: "ஸ்டோர் கீப்பர். மருந்தைக் குலுக்கிக் காட்டினேன். பார்த்தார். நல்லா இருக்கு என்றார்."

நோட்டை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். இனிமே நானும் எழுதி வச்சுக்கறேன்."

பதினாறு வருடம் வாயால் சொன்னால் போதும் என்று இருந்தவள். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.